அல்கொல் மங்கிய நேரம்: எந்தக் கடிகாரத்தின்படி?

அல்கொல் என்ற விண்மீன் 2 நாட்கள் 20 மணித்தியாலம் 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்குகிறது. உண்மையில் அதில் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்கள் இருக்கின்றன. ஒளி குறைந்தது மற்றதன் முன்னால் வரும்போது எங்களுக்கு வரும் வெளிச்சம் குறைகிறது. 1783இல் இங்கிலாந்தின் யோர்க் நகரில் இருந்து இப்படியொரு விளக்கத்தை முன்வைத்தவர் ஜோன் குட்றிக். காது கேளாத 18 வயது இளைஞர். வெறுங்கண்ணால் பார்த்தே கண்டுபிடித்தார்.

இவ்வாறான மறைப்பு இரட்டை விண்மீன்களில், வெளிச்சம் ஆகக் குறைந்த கணத்தைக் குறித்துவைப்பதே முக்கிய வேலை. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த நேரங்களைக் கணித்த நேரங்களோடு ஒப்பிட்டால், ஒன்றிலிருந்து மற்றதற்கு வாயு வழிகிறதா, கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஒன்று கூடவே சுற்றுகிறதா என்று அறியலாம். ஆனால் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதியது என்று தெரியாவிட்டால் அந்த எண் உதவாது.

இது எங்களுக்குப் புதிய சங்கதியல்ல. 1996 மே மாதம் இலங்கை அரசு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. 2006 ஏப்ரலில் அரசும் பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை ஒரே தீவில் இரண்டு நேரங்கள். அந்தக் காலத்துச் சம்பவப் பதிவொன்றில் "காலை 6.10" என்று மட்டும் இருந்தால், எந்த 6.10 என்று கேட்டேயாக வேண்டும்.

வானியலாளர்கள் உள்ளூர் நேரத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். கி.மு. 4713 யனவரி 1 நண்பகலில் இருந்து நாட்களை எண்ணிவரும் யூலியன் நாள் எண்ணையே எழுதுவார்கள். 2000 யனவரி 1 நண்பகலுக்கு அந்த எண் 2451545.

அதோடு முடியாது, ஏனென்றால் புவி நகர்கிறது. நவம்பரில் நாங்கள் அல்கொலுக்குக் கிட்ட இருக்கிறோம். அதன் ஒளி சூரியனை அடைவதற்கு ஏறக்குறைய ஏழரை நிமிடம் முன்னரே எங்களிடம் வந்துவிடுகிறது. பெப்ரவரி நடுப்பகுதியில் அந்த முந்தல் இல்லாமல் போகும். விண்மீனில் எதுவும் மாறாமலே, அது பிந்தி மங்குவதாகத் தோன்றும். அதனால் சூரியனில் இருந்து பார்த்ததுபோல் நேரத்தைத் திருத்துவது நீண்டகால வழக்கம். வியாழன் முதலிய கோள்களின் இழுப்பால் சூரியனும் சற்று அசைவதால், இந்தத் திருத்தத்திலும் சுமார் 4 செக்கன்வரை பிசகும். இப்போது சூரியத் தொகுதியின் திணிவு மையத்தையே எடுக்கிறார்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது லீப் செக்கனை. உலகப் பொது நேரத்தில் 1972 முதல் 27 தடவைகள் ஒவ்வொரு செக்கன் செருகப்பட்டிருக்கிறது. நீண்டகாலப் பதிவில் ஒவ்வொரு செருகலும் விண்மீனே தடுமாறியதுபோல் ஒரு படியை உண்டாக்கும். செருகல் இல்லாமல் சீராக ஓடும் 'புவி நேரம்' 2017 முதல் பொது நேரத்தைவிட 69.184 செக்கன் முன்னால் நிற்கிறது. என்என் சேர்பென்டிஸ் என்ற இரட்டையைக் கோள்கள் சுற்றுவதாக 2010இல் வாதிட்டவர்களின் ஆதாரமே சில பத்துச் செக்கன் விலகல்தான். பழைய பட்டியல்கள் பலவற்றில் 'சூரிய மையத் திருத்தம் செய்யப்பட்டது' என்று இருக்கும்; எந்த நேர அளவு என்று இருக்காது.

வீட்டில் இருந்து அவதானிப்பவர்கள் விண்மீனின் பெயர், இடம், திருத்தாத உலகப் பொது நேரம் மூன்றையும் எழுதிவைத்தால் போதும். மிச்சக் கணக்கைப் பிறகு யாரும் செய்யலாம்.