டிக்கட்டுக்குக் காசு கொடுத்தது யார்?

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு கேள்வி நன்றாகவே பழக்கம்: "ஒங்க தாத்தா எந்தக் கப்பல்ல வந்தாரு?" கேட்டவுடன் 'ரஜூலா' என்று பதில் வரும். ரஜூலா கட்டப்பட்டதே 1926-இல்தான். அதற்கு முன்பே வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். கப்பலின் பெயர் நினைவிருக்கிறது. அதற்கான டிக்கட்டுக்குக் காசு கொடுத்தது யார் என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

இன்று கேட்க வேண்டியிருக்கிறது. தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறைப் பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்க விண்ணப்பிக்கிறார்கள். பல்கலைக்கழகக் கட்டணத்தைப் பற்றி வீட்டில் பேசி முடித்திருப்பார்கள். அதன் பிறகுதான் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய விசா பணம் தெரியவரும். "இது எதுக்குய்யா தனியா?" என்று அப்பாக்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நூறு ஆண்டு வரலாறு உண்டு.

எங்கள் வட்டாரத்திலிருந்தே தொடங்கலாம். பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகொன்னியே சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டார். 1911-இல் அங்கே செம்பனையை அழகுக்காக நட்டார்கள். 1917-இல் பத்தாங் பெர்சுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. தோட்டத்தின் பெயரே தமிழ். காட்டை அழித்தவர்கள் பேசிய மொழியும் அதுதான்.

அவர்களை அழைத்துவரும் செலவுக்காக 1907-இல் 'தமிழர் குடியேற்ற நிதி' சட்டமாக்கப்பட்டது. தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குத்தொகை கட்ட வேண்டும். கங்காணி அனுப்பித் தானே ஆள் எடுக்காத தோட்டமும் கட்டியாக வேண்டும். ஒருவர் செலவழித்துக் கொண்டுவந்த ஆளைப் பக்கத்துத் தோட்டத்துத் துரை சும்மா இழுத்துக்கொள்ளக் கூடாது என்பது கணக்கு. ஆவடி, நாகப்பட்டினம் முகாம்கள், கப்பல் டிக்கட்டு, பினாங்கில் தொற்றுநோய்க்கான தனிமைக் காவல் எல்லாம் இந்த நிதியிலிருந்து நடந்தன. சஞ்சி முறையில் வந்தவர் வழிச்செலவைக் கடனாகச் சுமந்தார். நிதியில் வந்தவருக்கு அந்தக் கடன் இல்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், பங்குத்தொகையைக் கணக்கிட்ட விதத்தைப் பாருங்கள். தொழிலாளி எத்தனை நாள் வேலை செய்தார் என்பதை வைத்துத்தான் முதலாளி கட்டினார். விடிவதற்குமுன் பெரட்டில் பெயர் கொடுத்து நின்ற ஒவ்வொரு நாளும் அந்த நிதிக்கு ஒரு துளி சேர்த்தது. ஆள் எடுக்கும் இந்தச் செலவைத் துரைமார்கள் கூலியோடு சேர்த்துத்தான் கணக்குப் போட்டார்கள். எனக்கு இது இலவச டிக்கட்டாகத் தெரியவில்லை. ரசீது வேறொருவர் பெயரில் இருந்தது, அவ்வளவுதான்.

திரும்பிப் போகும் டிக்கட்டும் அதே நிதியிலிருந்துதான் வந்தது. ரப்பர் விலை சரிந்தபோது, 1930 தொடங்கி மூன்றே ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1933-இன் அயலார் சட்டம் சீனர்களிடம் தரையிறங்கும் கட்டணம் வாங்கியது. இந்தியர்கள் பிரிட்டிஷ் குடிமக்கள் என்பதால் விலக்குப் பெற்றார்கள். 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தையே நிறுத்தியது. 1953-இல் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், கூலி வேலைக்காக வரும் இந்தியருக்கும் கதவு மூடியது.

அடுத்த அடி 1969-இல் விழுந்தது. 1968-இன் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும். சிவப்பு ஐ.சி. வைத்திருந்த தோட்டத்து மக்கள் முப்பது, நாற்பது ஆண்டு பால் வெட்டிய பிறகு, இங்கே வேலை செய்ய உரிமை கேட்டு வரிசையில் நின்றார்கள். சுமார் 60,000 பேர் நாட்டைவிட்டுப் போனதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. "பேப்பரு இல்லாதவங்க போயிட்டாங்க" என்பதுதான் எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் நான் கேட்ட ஒற்றை வரி விளக்கம்.

பழைய நிதி 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று மாறியது. 1999-இல் அதைக் கலைத்து, சொத்தை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்கள். அது தோட்டத்துப் பிள்ளைகளின் கல்விக்கு வந்திருக்க வேண்டிய பணம் என்பது என் கருத்து. இன்றைய தொகைகளைப் பார்த்தால் அந்த எண்ணம் இன்னும் வலுக்கிறது.

ஆஸ்திரேலிய மாணவர் விசா 2024 ஜூலைக்கு முன் 710 டாலர். அந்த மாதம் 1,600 ஆனது, 2025 ஜூலையில் 2,000. நம் காசுக்கு 5,000 வெள்ளிக்கு மேல். 2025-இன் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதாவது மூன்று மாதச் சம்பளம். விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. பிரிட்டன் 2015-இல் மாணவரிடம் ஆண்டுக்கு 150 பவுண்டு சுகாதாரக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. 2024-இல் அது 776 ஆனது. மூன்றாண்டுப் படிப்புக்கு இது மட்டுமே 2,300 பவுண்டைத் தாண்டும். அமெரிக்கா 2004-இல் 100 டாலராகத் தொடங்கிய மாணவர் பதிவுக் கட்டணம் 2019-இல் 350 ஆனது. விசா கட்டணம் தனி.

மலேசியாவும் வாங்கும் பக்கத்தில்தான் இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பங்கள் இ.எம்.ஜி.எஸ். என்ற நிறுவனம் வழியாகப் போகின்றன. அதற்கும் கட்டணம் உண்டு. பத்தாங் பெர்சுந்தை இன்று பெஸ்தாரி ஜெயா. அங்கே சிலாங்கூர் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து ஒரு மாணவர் அங்கே படிக்க வந்தால், தென்னமரம் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வந்து இறங்குவார். முன்பு அதே வழியில் வந்த கூலிக்காகத் துரை பணம் கட்டினார், ஆள் தேவைப்பட்டதால். மாணவர் தானே கட்டுகிறார், இடம் தேவைப்படுவதால். தேவை யார் பக்கம் இருக்கிறதோ, பில்லும் அந்தப் பக்கமே போகிறது.

பிஸ்கட் டின்னுக்குள் தாத்தாவின் பெர்மிட், சிவப்பு ஐ.சி., கப்பல் சீட்டு ஏதாவது கிடந்தால் தூக்கி வீசிவிடாதீர்கள். பிள்ளையின் விசா ரசீதையும் அதிலேயே போட்டு வையுங்கள்.