திரி, கம்பி, சொட்டு: ஓர் ஆவிக் கருவி பிறந்த கதை

கட்டைவிரல் மொத்தத்தில் ஓர் உலோக உருளை. மூடியைக் கழற்றினால் உள்ளே சிறிய தட்டு, அதன் நடுவே இரண்டு மூன்று தூண்கள், தூண்களுக்கு இடையே சுருளாகச் சுற்றிய மெல்லிய கம்பி, அந்தச் சுருளின் ஊடாக நுழைத்த பஞ்சு. அடியில் பற்றரியோடு முறுக்கிப் பொருத்த ஒரு மரை. பஞ்சின்மேல் நாலைந்து சொட்டுத் திரவம் விட்டு, மூடியைப் பூட்டி, பொத்தானை அழுத்தினால் கம்பி சூடேறும், திரவம் ஆவியாகும், அதை உறிஞ்சுவார்கள். பஞ்சு காய்ந்தால் மறுபடியும் சொட்டு. கம்பி பழுதானால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக்கொள்ளலாம். ஆர்.டி.ஏ. என்றும் ட்ரிப்பர் என்றும் இதைச் சொல்கிறார்கள்.

இலங்கையில் இதை வைத்துக் கடை நடத்த முடியாது. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் 2016 செப்டெம்பரில் வெளியான ஒழுங்குவிதிகள் இலத்திரனியல் சிகரட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை மூன்றையும் தடைசெய்தன. ஆனால் தடைக்குத் தொலைபேசித் திரை கட்டுப்படுவதில்லை. வளைகுடாவில் உழைக்கும் பிள்ளைகள் நிறைந்த கிண்ணியா போன்ற ஊரில், ஊர் திரும்புகிறவரின் பெட்டியும் கட்டுப்படும் என்று சொல்வதற்கில்லை. “விலை குறைந்ததில் எது நல்லது?” என்று இளைஞர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விக்கு, இந்தக் கருவி எப்படிப் பிறந்தது என்ற கதைக்குள்ளேயே விடை இருக்கிறது.

முதல் வித்து அமெரிக்காவில் விழுந்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் பீவர் ஃபால்ஸ் ஊரில் பழைய இரும்பு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட், புகையும் புகையிலையும் இல்லாத சிகரட் ஒன்றுக்கு 1963இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில், சிகரட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் தொடர்புபடுத்திய அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை வெளியானது. 1965 ஓகஸ்டில் கில்பர்ட்டுக்குக் காப்புரிமை கிடைத்தது. இலையும் தாளும் எரிவதில்தான் கேடு என்பது அவர் கணக்கு. அதனால் ஈரமும் சுவையும் ஏற்றிய காற்றைப் பற்றரியால் சூடாக்கித் தரும் வழியை வரைந்தார். அவருடைய வடிவத்தில் நிக்கோட்டின் கிடையாது. அதைச் செய்து விற்க எந்த உற்பத்தியாளரும் முன்வரவில்லை. யோசனை காகிதத்தோடு நின்றுபோனது.

அந்த யோசனைக்கு உயிர் வந்தது சீனாவின் ஷென்யாங் நகரில். 1951இல் பிறந்த ஹொன் லிக் ஒரு மருந்தாளர். புகைப்பழக்கத்திலிருந்து மீள நிக்கோட்டின் பட்டையை ஒட்டிப் பார்த்தார். சிகரட் இழுத்த மறுகணம் கிடைக்கும் நிறைவைப் பட்டை தரவில்லை. அவருடைய தந்தையும் கடுமையாகப் புகைத்தவர். பின்னாளில் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். நிக்கோட்டின் கலந்த திரவத்தை நுண்துளிகளாக்கி உள்ளிழுக்கும் கருவிக்கு ஹொன் லிக் 2003இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். திரவத்தைத் துளிகளாக உடைக்க முதலில் அவர் நாடியது மீயொலி அதிர்வை. சந்தை கடைசியில் ஏற்றுக்கொண்டது சூடேறும் கம்பிச் சுருளை. 2004இல் ருயான் என்ற பெயரில் சீனாவில் விற்பனை தொடங்கியது. 2013இல் பிரித்தானியப் புகையிலை நிறுவனமான இம்பீரியல் டொபாக்கோ இந்தக் காப்புரிமைகளை 75 மில்லியன் டொலருக்கு வாங்கிக்கொண்டது. புகையை விட நினைத்த ஒருவர் செய்த கருவி, பத்தே ஆண்டில் சிகரட் விற்கும் நிறுவனத்தின் சொத்தாகிவிட்டது.

ஆர்.டி.ஏ. பிறந்தது இந்தப் பெரிய கதையின் ஓரத்தில், பாவனையாளர்களின் கையில். ஆரம்பகால இலத்திரனியல் சிகரட்டில் மூன்று துண்டுகள் இருந்தன: பற்றரி, சூடேற்றும் பகுதியான அட்டமைசர், திரவம் ஊறிய பஞ்சு அடைத்த சிறு குப்பி. குப்பியிலிருந்து திரவம் சுருளுக்குச் சீராக வந்து சேரவில்லை. பத்து இழுப்புக்குள் வாயில் கருகல் வாடை அடிக்கும். பொறுமையிழந்தவர்கள் குப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, திரவத்தை நேரே அட்டமைசருக்குள் சொட்டினார்கள். ஆவி கனத்தது, சுவை தெளிந்தது. தொழிற்சாலை விட்ட குறையைப் பாவனையாளர் தம் கையால் சரிசெய்த இடம் இது. சொட்டும் முறை அங்கே பிறந்தது.

அடுத்த குறை விலை. தொழிற்சாலை அட்டமைசரின் சுருள் கருகிவிட்டால் முழுத் துண்டையும் குப்பையில் போட வேண்டும். உள்ளே கருகியதோ சாண் நீளம்கூட இல்லாத கம்பி. அதை மட்டும் மாற்றினால் என்ன என்று யோசித்தவர்கள் கடைசல் இயந்திரம் வைத்திருந்தவர்களும் மின்னியல் தெரிந்தவர்களும். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிலிப்பைன்ஸிலும் சிறு பட்டறைகளில் தட்டும் தூணும் திருகாணியும் கொண்ட அட்டமைசர்கள் கடையப்பட்டன. சுருளைப் பாவனையாளரே சுற்றுவார், அதன் மின்தடையை மானியில் அளப்பார், பிறகே பற்றரியில் பூட்டுவார். அளப்பது இந்தக் கருவியின் பிறவி ஒழுக்கமாக இருந்தது.

கருவியின் உறுப்புகளோ அதைவிட மூத்தவை. மின்னடுப்பிலும் உலைகளிலும் சிவந்து ஒளிரும் காந்தல் என்ற கலப்புலோகக் கம்பியை 1926இல் சுவீடனின் ஹால்ஸ்டஹாமர் ஊரில் ஹன்ஸ் வொன் காண்ட்சோ உருவாக்கினார். இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்தது அது. சூடேறும்போது அதன் மேலே அலுமினிய ஒட்சைட்டுத் தோல் ஒன்று படிந்து கம்பியைக் காக்கும். திரியின் வேலை அதனினும் பழையது. மின்சாரம் வந்து சேராத காலத்தில் நம் பகுதி வீடுகளில் எரிந்த குப்பி விளக்கில், திரி மண்ணெண்ணெயை மேலே இழுத்துக் கொடுத்தது. இங்கே பஞ்சு திரவத்தை இழுத்துக் கம்பிக்குக் கொடுக்கிறது. திரி காய்ந்தால் அங்கேயும் கருகும், இங்கேயும் கருகும்.

பட்டறைகளில் கடைந்தவற்றின் விலை அதிகம், எண்ணிக்கை குறைவு. சீனாவின் ஷென்ஜென் நகரத் தொழிற்சாலைகள் அவற்றைப் பார்த்து அச்சு அசலாகச் செய்து, விலையில் சிறு பங்குக்கு உலகமெங்கும் அனுப்பின. மலிவான ஆர்.டி.ஏ. என்று இன்று பேசப்படுவதன் பிறப்பிடம் அதுதான். மலிவு தன்னளவில் குற்றம் ஆகாது. ஆனால் நகலெடுப்பவர் எதைச் சேமிக்கிறார் என்பது வெளிப்பளபளப்பில் தெரியாது. நடுத்தூணைத் தட்டிலிருந்து பிரிக்கும் காப்பு வளையம் வெப்பம் தாங்காத பிளாஸ்டிக்காக இருக்கலாம். திருகாணி மென்மையாக இருந்து இரண்டாம் முறை முடுக்கும்போதே தேய்ந்துபோகலாம். அப்போது கம்பி தளரும், மின்தடை தாறுமாறாகும். கடைசலின்போது படிந்த எண்ணெய் கழுவப்படாமலேயே பெட்டிக்குள் வரலாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது அடியில் இருக்கும் நடு ஊசி. 510 என்று பெயர்பெற்ற பொது இணைப்பின் மரை 7 மில்லிமீற்றர் விட்டமும் 0.5 மில்லிமீற்றர் இடைவெளியும் கொண்டது. மரை எதிர்முனை, அதன் நடுவிலுள்ள ஊசி நேர்முனை. மின்சுற்றுப் பாதுகாப்பு எதுவும் இல்லாத வெறும் உலோகக் குழாயில், பற்றரியின் தலையில் நேரே முட்டும்படி அட்டமைசரைப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஊசி மரையைத் தாண்டி வெளியே நீண்டிருக்காவிட்டால் பற்றரியின் நேர்முனை மரையிலேயே படும். அது நேரடிக் குறுஞ்சுற்று. வாய்க்கருகே பிடித்த குழாய்க்குள் ஒரு வெடி.

கணக்கு எளிது. இக்கருவிகளில் வழக்கமாகப் போடும் 18650 லித்தியம் அயன் பற்றரியின் விட்டம் 18 மில்லிமீற்றர், நீளம் 65. முழுதாக ஏற்றினால் 4.2 வோல்ற். சுருளின் தடை அரை ஓம் என்றால் 8.4 அம்பியர் ஓடும், 35 வாற்று வெப்பம். தடையை 0.2 ஓமாகக் குறைத்தால் 21 அம்பியர், 88 வாற்று. 0.1 ஓம் என்றால் 42 அம்பியர். இருபது, முப்பது அம்பியர் தாங்கும் நல்ல பற்றரிக்கே அது எல்லை மீறல். உறையில் பொய் எண் அச்சிட்ட பற்றரிக்கோ கேட்கவே வேண்டாம். கம்பியில் இரண்டு சுற்றுக் குறைவதற்கும் பற்றரி கொதிப்பதற்கும் இடையே இந்தப் பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே இருக்கின்றன. 2009 முதல் 2016 முடிய அமெரிக்க ஊடகங்களில் வந்த இலத்திரனியல் சிகரட் தீ, வெடிப்புச் சம்பவங்களை அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் எண்ணியபோது 195 கிடைத்தன. 2018 மே மாதம் புளோரிடாவிலும் 2019 ஜனவரியில் டெக்சாஸிலும் வெடித்த கருவிகள் உயிரையே பறித்தன.

இந்த இடத்தில் நம் நாட்டு மருத்துவர் ஒருவரை நினைக்க வேண்டும். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, சரிந்து விழுந்த குப்பி விளக்கால் எரிந்தவர்களுக்குச் சிகிச்சை செய்தவர். விளக்கை ஏற்றாதே என்று ஏழையிடம் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரியும். 1992இல் வேறொரு விளக்கை வடிவமைத்தார். குட்டையான, கனமான, தடித்த கண்ணாடிக் குப்பி. விழுந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை. எண்ணெய் கொட்டாதபடி முறுக்கிப் பூட்டும் உலோக மூடி. அதை மிகக் குறைந்த விலையில் கொடுத்தார். 1998இல் அந்தப் பணிக்கு ரொலெக்ஸ் விருது கிடைத்தது. மலிவான பொருளையும் பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்பதற்கு நம் கண்முன்னே உள்ள சான்று அது. செய்கிறவர் காயத்தைப் பார்த்திருக்க வேண்டும், அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். நகல் ஆர்.டி.ஏ. செய்பவருக்கும் அதை வாங்கும் பையனுக்கும் இடையே அப்படிப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை.

வெடிக்காத கருவியும் கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. அளவுக்கு மீறிச் சூடேறிய திரவத்திலிருந்து ஃபோர்மல்டிஹைட் உருவாகிறது. சுருளிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்கள் ஆவியில் கலப்பதை 2018இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். சொட்டும் முறையில் சுருள் திறந்தபடி இருக்கிறது. பஞ்சு எப்போது காய்ந்தது என்பதை நாக்குதான் சொல்ல வேண்டும், அது சொல்லும்போது கருகல் உள்ளே போயிருக்கும். போத்தலைத் திறந்து திறந்து சொட்டுவதால் நிக்கோட்டின் திரவம் விரலிலும் படும், வீட்டுக் குழந்தையின் கைக்கும் எட்டும்.

இலத்திரனியல் சிகரட் பெரியவர்களுக்கு உதவியதையும் மறைக்கக் கூடாது. இங்கிலாந்தில் புகைப்பழக்கத்தை விட முயன்ற 886 பேரிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. ஆலோசனையோடு இலத்திரனியல் சிகரட் பெற்றவர்களில் 18.0% பேர் ஓராண்டு முடிவில் சிகரட்டை விட்டிருந்தார்கள். பட்டை, சூயிங்கம் போன்றவற்றைப் பெற்றவர்களில் 9.9% பேர். புகைப்பவருக்குச் சிகரட்டைவிட இது குறைந்த கேடு என்று பிரித்தானிய மருத்துவர்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் அங்கே உதவியது ஆலோசகரும், ஒழுங்குபடுத்திய திரவமும், சாதாரண மீள்நிரப்புக் கருவியும். கையால் கம்பி சுற்றி மேகம் எழுப்பும் ஆர்.டி.ஏ. அந்தச் சிகிச்சையின் பகுதியாக இருக்கவில்லை.

அது யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு வேறொரு கணக்கு உண்டு. யேல் பல்கலைக்கழகத்தின் சுசித்ரா கிருஷ்ணன் சரினும் குழுவினரும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் எட்டு உயர்நிலைப் பள்ளிகளில் 2015இல் விசாரித்தார்கள். இலத்திரனியல் சிகரட்டைத் தொட்டுப் பார்த்த 1,080 மாணவரில் 26.1% பேர் சொட்டும் முறையை முயன்றிருந்தார்கள். காரணம் கேட்டபோது 63.5% பேர் சொன்னது: கனத்த ஆவி மேகம். சிகரட்டை விட வேண்டிய வயதும் தேவையும் வராத பிள்ளைகள் அவர்கள்.

கதையின் திருப்பம் அங்கேதான். பழக்கத்தை விட முடியாத ஒருவரின் தவிப்பில் பிறந்து, அளந்து பார்த்துச் சுற்றத் தெரிந்தவர்களின் கையில் வளர்ந்த கருவி, இரண்டும் இல்லாதவர்களிடம் மலிவாக வந்து நிற்கிறது. விலை குறையும்போது உலோகம் கைக்கு எட்டிவிடுகிறது. அதைப் பாதுகாத்த அறிவு கூடவே வந்து சேர்வதில்லை.

ஆகவே, “விலை குறைந்ததில் எது நல்லது?” என்று கேட்கும் தம்பிக்கு என் பதில் இது. நீங்கள் புகைக்காதவர் என்றால் இந்தக் கருவி உங்களுக்காகப் பிறந்தது அல்ல. எந்த விலையிலும் வேண்டாம். புகைப்பவர் என்றால், சட்டம் தடுத்த, யாரும் பொறுப்பேற்காத நகலைப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவருவது விடுதலைக்கு வழியாகாது. வைத்தியசாலைக்குப் போய், விட உதவுங்கள் என்று வைத்தியரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்கிறவருக்கு அந்த உதவி தாமதமின்றிக் கிடைக்கும்படி செய்வது தடை விதித்த அரசின் கடமை. தடை மட்டும் இருந்து உதவி இல்லாத இடத்தைத்தான் மலிவான நகல்கள் தேடி வருகின்றன.