பகைவன் நிற்கும் இடம்

சாதகம் பார்க்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு ஆறாம் இடம் என்றாலே சற்று அச்சம். நோய், கடன், பகை ஆகிய மூன்றையும் வடமொழிச் சோதிட நூல்கள் அந்த ஒரே வீட்டில் குடியிருத்தியுள்ளன. சத்துரு ஸ்தானம், ரிபு பாவம் என்பன அதன் பெயர்கள். சோதிடத்தை நம்புவதும் நம்பாதிருப்பதும் அவரவர் விருப்பம். ஆனால், பகை என்பதை முன்னோர் எவ்வாறு விளங்கிக்கொண்டார்கள் என்பதற்கு இந்நூல்கள் நல்ல சான்றுகள் என்றே நான் கருதுகிறேன்.

கி.பி. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர், தமது பிருகத் சாதகத்தில் கிரகங்களின் நட்பையும் பகையையும் கணிக்கும் விதியொன்றைத் தருகிறார். ஒரு கிரகத்தின் மூலத்திரிகோண ராசியிலிருந்து 2, 4, 5, 8, 9, 12 ஆம் இடங்களுக்கு உரியவர்களும், அதன் உச்ச ராசிக்கு உரியவரும் நண்பர்கள். ஏனைய இடங்களுக்கு உரியவர்கள் பகைவர்கள். இரு வகையிலும் வருபவர் சமமானவர்.

இவ்விதியின்படி எண்ணிப் பாருங்கள். சந்திரனின் மூலத்திரிகோணம் இடபம். அங்கிருந்து புதனின் வீடுகளான மிதுனமும் கன்னியும் 2ஆம், 5ஆம் இடங்கள். ஆகவே சந்திரனுக்குப் புதன் நண்பன். புதனின் மூலத்திரிகோணமாகிய கன்னியிலிருந்து எண்ணினால் சந்திரனின் கடகம் 11ஆம் இடம். ஆகவே புதனுக்குச் சந்திரன் பகைவன்! ஒருதலைக் காதல் போல ஒருதலைப் பகையும் உண்டு என்பதை இக்கணக்கு ஏற்றுக்கொள்கிறது.

இது இயற்கைப் பகை. பிறந்த வேளையில் கிரகங்கள் நிற்கும் நிலையால் உண்டாகும் தற்காலிகப் பகையும் உண்டு. இயற்கைப் பகைவன் தற்காலிக நண்பனாக நின்றால் அவன் சமமானவன் ஆகிவிடுகிறான். இங்கு கிரகத்தின் குணத்தைவிட அது நிற்கும் இடமே முக்கியம் பெறுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

அரசியல் நூலாகிய அர்த்தசாத்திரமும் இதே வழியிற் சிந்திக்கிறது. மைசூர் அறிஞர் சாமசாஸ்திரி 1909இல் பதிப்பித்து உலகறியச் செய்த இந்நூலின் ஆறாம் அதிகரணத்தில் மண்டலக் கோட்பாடு கூறப்படுகிறது. எல்லையை ஒட்டிய நாட்டின் அரசன் பகைவன். அவனுக்கு அப்பால் உள்ளவன் நண்பன். அதற்கும் அப்பால் உள்ளவன் பகைவனின் நண்பன். அயலவன் நல்லவனா கெட்டவனா என்ற ஆராய்ச்சிக்கு இங்கு இடமில்லை. அவன் அயலில் இருக்கிறான் என்பதே போதும். அதே பகுதியில், ஒரே குலத்திற் பிறந்தவனைக் கௌடில்யர் பிறவிப் பகைவன் என்கிறார்.

குலத்துக்குள் இருக்கும் இந்தப் பகையை இலக்கணமும் அறிந்திருந்தது. சகோதரன் என்னும் சொல்லின் அடியாகப் பிறந்த 'பிராத்ருவ்ய' என்ற சொல் உறவினனையும் குறிக்கும், எதிரியையும் குறிக்கும். எதிரி என்ற பொருளுக்கெனப் பாணினி தனிச் சூத்திரமே இயற்றியுள்ளார். மகாபாரதப் போர் பெரியப்பன், சிற்றப்பன் பிள்ளைகளுக்கிடையே நிகழ்ந்தது தற்செயலன்று. தாயாதிப் பகை என்று தமிழில் நாம் சொல்வதும் இதையே.

பகை இன்னும் நெருங்கியும் வரும். காமம், கோபம் முதலிய ஆறையும் அரசன் முதலில் வெல்லவேண்டிய பகைகளாக அர்த்தசாத்திரம் வைக்கிறது. திருவள்ளுவர் பகைமாட்சிக்கும் பகைத்திறந் தெரிதலுக்கும் பின்னர் உட்பகைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். அவர் கருதிய உட்பகை மனத்தினுள் அன்று, கூட இருப்பவரிடம் உறைவது.

பத்திரிகைப் பணியிற் பல ஆண்டுகள் 'எதிரி' என்ற சொல்லைத் தலைப்புகளில் இட்டவன் நான். 2009இல் முடிந்த போரின் காலம் முழுவதும் அச்சொல் இரு தரப்பிலும் தாராளமாகப் புழங்கியது. எதிரி பிறப்பிலேயே தீயவன் என்ற எண்ணம் அதனுள் ஒளிந்திருந்தது. பழைய நூல்களோ எதிரியை எட்டத்தில் தேடவில்லை. எல்லையைப் பகிர்பவனிடமும் குலத்தைப் பகிர்பவனிடமும் கண்டன. பகை இடத்தைப் பொறுத்தது என்றால், இடம் மாறும்போது பகையும் மாறலாம். புதன் எவ்வளவு பகைத்தாலும் சந்திரனுடைய கணக்கில் பகைவர் ஒருவரும் இல்லை என்பதையும் நாம் சற்று எண்ணிப் பார்க்கலாம்.