பீஸ்: ஒரு சொல், பல கணக்கு

போன வாரம் என் மகள், "அப்பா, திங்கட்கிழமைக்குள்ள பீஸ் கட்டணும்" என்றாள். பக்கத்தில் இருந்த அம்மா சட்டென்று, "எத்தன பீஸு அம்முணி?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அம்மா விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இருபது வருசம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பிசிறு வெட்டி, செக்கிங் பார்த்தவர். அவருக்கு பீஸ் கட்டுவது என்றால் டசன் டசனாக அடுக்கிக் கட்டுவதுதான்.

பள்ளிக்கூடத்துக்குக் கட்டுவதும் பீஸ், கரண்ட் கம்பத்தில் போவதும் பீஸ், பிரியாணியில் தேடுவதும் பீஸ். மூன்று ஆங்கிலச் சொற்களை நம் நாக்கு ஒன்றாக்கிவிட்டது. இதில் கடைசிச் சொல்லை மட்டும் கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன்.

ஆங்கிலத்தில் பீஸ் என்றால் ஒன்றின் பகுதி. ஆனால் துணி வியாபாரத்தில் தறியிலிருந்து அறுத்து எடுக்கும் முழு நீளமும் ஒரு பீஸ்தான். பகுதியும் அதுவே, முழுசும் அதுவே! விசித்திரமாகத் தோன்றும், ஆனால் நம்மிடமும் இதே கதைதான். தோளில் போடும் துண்டு முழுத் துணி. 'துணி' என்ற சொல்லுக்கே வெட்டுதல் என்ற பொருள் உண்டு. பழந்தமிழில் ஆடைக்கு 'அறுவை' என்று பெயர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு சங்கப் புலவரே இருக்கிறார். அவர் ஜவுளி வியாபாரி, அறுவை ஜோக் சொன்னவர் இல்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி 1639இல் சென்னையில் இடம் பிடித்ததற்கு சோழமண்டலக் கரைத் துணி முக்கியக் காரணம். அந்தச் சரக்குக்கு அவர்கள் கணக்கில் 'பீஸ் குட்ஸ்' என்று பெயர். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அதற்குத் தனிப் பதிவும், துணி வகைகளின் நீளமான பட்டியலும் உண்டு. நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பார்கள். பீஸ் வந்ததும் தரம் பிரிப்பார்கள். தேறாத பீஸ் திரும்பி வரும், வாங்கிய முன்பணம் மட்டும் கடனாக நிற்கும்.

திருப்பூரில் பனியன் தொழில் 1920களில் தொடங்கியது. இங்கே ஆளுக்கு ஆள் பீஸ் மாறும். கட்டிங் மாஸ்டருக்கு முன் பாகம் ஒரு பீஸ், பின் பாகம் ஒரு பீஸ். ஓவர்லாக் டெய்லருக்குத் தோள் மூட்டினால் ஒரு பீஸ் கூலி. மெர்ச்சண்டைசருக்குப் பெட்டிக்குள் போகும் முழு டீ-ஷர்ட்தான் பீஸ். ஐரோப்பாவுக்கோ அது இறக்குமதி வரம்பின் அலகு. டீ-ஷர்ட் கோட்டாவை அவர்கள் பீஸ் எண்ணிக்கையில்தான் வைத்திருந்தார்கள். கோட்டா கையில் இல்லாத ஏற்றுமதியாளர் காசு கொடுத்து வாங்கினார். அதாவது, இன்னும் தைக்காத பீஸுக்கும் ஒரு விலை இருந்தது. 2005 ஜனவரி 1 முதல் அந்த முறை ஒழிந்தது.

கூலிதான் இதில் நிஜமான சிக்கல். ஷிப்ட் சம்பளத்தில் நேரத்துக்குக் காசு. பீஸ் ரேட்டில் கரண்ட் போன நேரம், நூல் வராத நேரம் எல்லாம் தொழிலாளி கணக்கில். 1948ஆம் வருடத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இதை யோசித்திருந்தது. பீஸுக்குக் குறைந்தபட்ச ரேட் வைக்கலாம், அதோடு பீஸ் ரேட் ஆட்களுக்கு உறுதியான நேரக்கூலியும் வைக்கலாம் என்றது. சட்டத்தில் இருப்பது தானாகக் கைக்கு வந்துவிடாது. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது.

அம்மா வேலை பார்த்த ஒரு இடத்தில் எண்ணெய்க் கறை பட்ட பீஸை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள். கறை மெஷினில் பட்டது, கூலி போனது அம்மாவுக்கு. கம்பெனி காலத்து நெசவாளியைப் பற்றிப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

இதை எழுத அம்மாவின் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். ஒரு பக்கம் 'பீஸ் 46 டசன்' என்று இருக்கிறது. அடுத்த பக்கம் 'பீஸ்' என்று எழுதி எதிரே ரூபாய்க் கணக்கு. அது நான் பி.இ. படித்த காலேஜுக்குக் கட்டியது. ரெண்டுக்கும் ஒரே எழுத்து.

"எதும்மா எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்றேன்.

"அந்தப் பீஸு வந்தது, இந்தப் பீஸு போனது. இதுல என்ன கொழப்பம்?" என்றார்.