பீட்டில்ஸ் இசைக்குழு: பத்திரிகைப் பதிவுகளின் வழியே

பீட்டில்ஸ், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உருவாகி 1960 முதல் 1970 வரை இயங்கிய ராக் இசைக்குழு. ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரின் குழுவாக உலகம் இதை அறியும். ரிங்கோ 1962 ஆகஸ்டில்தான் சேர்ந்தார். இக்குழுவைப் பற்றிய நூல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, புகழ் வந்த பிறகு பலர் நினைவிலிருந்து சொன்னவற்றைக் கொண்டு எழுதப்பட்டவை. யாரும் கண்டுகொள்ளாத தொடக்க ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதற்கு அன்றன்று அச்சான உள்ளூர்ப் பத்திரிகைகளே சிறந்த சாட்சி.

முதல் செய்திகள்

1960 ஜூன் 2, வியாழக்கிழமை. லிவர்பூலுக்கு மெர்சி ஆற்றின் மறுகரையில், விர்ரல் தீபகற்பத்தில் உள்ள நெஸ்டன் என்ற சிற்றூரின் மன்றக் கட்டடத்தில் ஒரு நடன நிகழ்ச்சி. அதைப் பற்றி அந்த வட்டாரப் பத்திரிகையில் ஒரு துணுக்கு வந்தது. ஐந்து பேர் கொண்ட குழு, தலைவர் ஜான் லெனன் என்று அது சொல்கிறது. மற்ற பெயர்கள்தான் இன்று படிப்பவரைத் திகைக்க வைக்கும்: பால் ராமோன், கார்ல் ஹாரிசன், ஸ்டூவர்ட் த ஸ்டேல், டிரம்ஸ் வாசித்த தாமஸ் மூர். மெக்கார்ட்னி தனக்குக் கவர்ச்சியான ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டிருந்தார். ஹாரிசன், தான் போற்றிய அமெரிக்கக் கிதார் கலைஞர் கார்ல் பெர்கின்ஸின் பெயரை எடுத்துக்கொண்டார். ஓவியக் கல்லூரி மாணவரான ஸ்டூவர்ட் சட்கிளிஃப், நிக்கோலா த ஸ்டேல் என்ற ஓவியரின் பெயரை. பதினேழு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் தங்களை யாராகக் கற்பனை செய்துகொண்டார்கள் என்பதை எந்த வாழ்க்கை வரலாற்றையும் விடத் தெளிவாக இந்தச் சில வரிகள் காட்டுகின்றன. அவர்கள் சொன்னதை நிருபர் அப்படியே எழுதினார். அதனால்தான் அது நமக்குக் கிடைத்தது.

செய்திகளைவிட விளம்பரங்களே மிகுதி. லிவர்பூலின் மாலை நாளிதழான 'லிவர்பூல் எக்கோ'வின் வரி விளம்பரங்களில் எந்த மன்றத்தில் எந்த இரவு யார் வாசிக்கிறார்கள் என்ற விவரம் கிடைக்கும். 1960இல் குழுவின் பெயர் 'சில்வர் பீட்ஸ்', 'சில்வர் பீட்டில்ஸ்' என்று மாறி மாறி அச்சானது. பெயர் நிலைபெற்ற கதையை இந்த விளம்பரங்களின் வரிசையைக் கொண்டே கட்டியெழுப்ப முடியும். வரலாற்றாசிரியர் மார்க் லூயிசன் 1986இல் வெளியிட்ட நிகழ்ச்சிப் பட்டியல் நூலுக்கு இத்தகைய பக்கங்களே அடித்தளம்.

'மெர்சி பீட்' இதழ்

குழுவின் தொடக்க வரலாற்றுக்கு இணையற்ற ஆவணம் 'மெர்சி பீட்'. லெனனுடன் ஓவியக் கல்லூரியில் படித்த பில் ஹாரி, நண்பர் ஒருவர் கடனாகத் தந்த 50 பவுண்டை முதலாக வைத்து, பின்னாளில் தன் மனைவியான வர்ஜீனியாவுடன் சேர்ந்து இதைத் தொடங்கினார். அலுவலகம் ரென்ஷா தெருவில் ஒரு மதுக்கடையின் மாடியில் இருந்த சிறிய அறை. முதல் இதழ் 1961 ஜூலை 6 அன்று 5,000 படிகள் அச்சாகி, மூன்று பென்னி விலையில் வந்தது. இருவார இதழ். அந்த முதல் இதழிலேயே, பீட்டில்ஸ் என்ற பெயர் எப்படி வந்தது என்று லெனன் எழுதிய வேடிக்கைக் கட்டுரை இடம்பெற்றது. இரண்டாம் இதழின் முதல் பக்கத்தில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் அவர்கள் இசைத்தட்டு ஒப்பந்தம் செய்த செய்தி, ஆஸ்ட்ரிட் கிர்ஷர் எடுத்த படத்துடன் வந்தது.

இதைப் பார்த்தால், மேலாளர் பிரையன் எப்ஸ்டைனைப் பற்றிய புகழ்பெற்ற கதை நிற்காது. 1961 அக்டோபர் 28 அன்று ஓர் இளைஞர் தம் இசைத்தட்டுக் கடைக்கு வந்து பீட்டில்ஸின் தட்டைக் கேட்டபோதுதான் அப்பெயரையே கேள்விப்பட்டதாக எப்ஸ்டைன் தம் நூலில் சொன்னார். ஆனால் 'மெர்சி பீட்' அவர் கடையில்தான் விற்றது. இரண்டாம் இதழுக்கு அவர் பன்னிரண்டு டஜன் படிகள் கேட்டு வாங்கினார். ஆகஸ்ட் 3 இதழ் முதல் அதே பத்திரிகையில் இசைத்தட்டு மதிப்புரைப் பத்தியும் எழுதினார். தான் எழுதும் இதழில் முதல் பக்கத்தை நிறைத்த பெயரை அவர் பார்க்காமல் இருந்திருக்க இடமில்லை. நவம்பர் 9 அன்று அவர் காவெர்ன் என்ற நிலவறை மன்றத்துக்குப் போனது அறிந்தே சென்ற பயணம்.

1962 ஜனவரி 4 இதழ் தனியே குறிப்பிடத்தக்கது. வாசகர் வாக்கெடுப்பில் பீட்டில்ஸ் முதலிடம் என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே தோல் சட்டை அணிந்த நால்வரின் படம். டிரம்ஸ் கலைஞர் அப்போது பீட் பெஸ்ட். மெக்கார்ட்னியின் பெயரைப் பிழையாக அச்சிட்டிருந்தார்கள். உண்மையில் மிகுதியான வாக்குச்சீட்டுகள் லிவர்பூலின் மற்றொரு குழுவான ரோரி ஸ்டார்ம் குழுவுக்கே வந்திருந்தன. ஒரு கட்டுச் சீட்டுகள் ஒரே கையெழுத்தில், பச்சை மையில் நிரப்பப்பட்டிருந்ததைக் கண்ட ஹாரி அவற்றைத் தள்ளினார். ரோரி ஸ்டார்ம் நான்காம் இடத்துக்கு இறங்கினார். பீட்டில்ஸும் தங்களுக்குத் தாங்களே சீட்டு நிரப்பி அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் அன்றைய லிவர்பூலில் அவர்களை மிஞ்ச ஆளில்லை என்பதால் முடிவு நியாயமானதே. தள்ளப்பட்ட அந்தக் குழுவில் அப்போது டிரம்ஸ் வாசித்துவந்தவர் ரிங்கோ ஸ்டார் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால் இதே இதழ் ஒருமுறை பெரிதாகச் சறுக்கியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று எப்ஸ்டைன் பீட் பெஸ்டை அழைத்து, இனி நீ வேண்டாம் என்றார். அந்த முடிவை எடுத்த லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூவரும் அந்த அறையில் இல்லை. ஆகஸ்ட் 23 இதழோ பிரிவு இருதரப்பு இணக்கத்துடன் நடந்ததாக முதல் பக்கத்தில் எழுதியது. எப்ஸ்டைன் தந்த வாசகம் அது. காவெர்ன் வாசலில் ரசிகர்கள் கொதித்தார்கள். ஹாரிசன் கண்ணில் குத்து வாங்கினார். செப்டம்பர் 4 அன்று லண்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்த படங்களில் அந்தக் கன்றிய கண் தெரிகிறது. செய்தி மறைத்ததைப் படம் சொல்லிவிட்டது.

எக்கோவில் 'டிஸ்கர்' என்ற புனைபெயரில் இசைத்தட்டுப் பத்தி எழுதியவர் டோனி பேரோ. தட்டு வெளிவராத குழுவைப் பற்றி எழுதுவதற்கில்லை என்று முதலில் எப்ஸ்டைனுக்குக் கைவிரித்தவர், 1963இல் அக்குழுவுக்கே பத்திரிகைத் தொடர்பாளர் ஆனார். எக்கோவின் மற்றொரு பத்தியாளரின் பெயர் ஜார்ஜ் ஹாரிசன். பெயர் ஒன்றே தவிர உறவு ஏதுமில்லை. 1964 பிப்ரவரியில் இவரும் குழுவுடன் நியூயார்க் பறந்தார்.

லண்டன் நாளிதழ்களும் வெளிநாடும்

லண்டன் இதழ்களில் முதலில் விழித்துக்கொண்டவர் 'ஈவினிங் ஸ்டாண்டர்டு'இன் மோரீன் கிளீவ்; 1963 பிப்ரவரியிலேயே எழுதினார். 'பீட்டில்மேனியா' என்ற சொல்லை 'டெய்லி மிரர்' உருவாக்கியதாகப் பரவலாகச் சொல்வது தவறு. நவம்பர் 2 அன்று மிரர் அதைத் தலைப்பாக்குமுன்பே, அக்டோபர் 21 அன்று 'டெய்லி மெயில்' அச்சொல்லைத் தலைப்பில் பயன்படுத்திவிட்டது. 1963 டிசம்பர் 27 அன்று 'டைம்ஸ்' இசை விமர்சகர் வில்லியம் மான், லெனனையும் மெக்கார்ட்னியையும் அவ்வாண்டின் தலைசிறந்த ஆங்கிலேய இசையமைப்பாளர்கள் என்று எழுதி, ஒரு பாடலின் முடிவைச் செவ்வியல் இசையமைப்பாளர் மாலரின் இசையோடு ஒப்பிட்டார். கட்டுரையில் அவர் பெயர் இல்லை.

அமெரிக்காவில் 1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் தோன்றிய எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியை ஏறத்தாழ 7.3 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த நேரத்தில் ஒரு கார்ச் சக்கர மூடிகூடத் திருட்டுப் போகவில்லை என்று 'வாஷிங்டன் போஸ்ட்' பத்தி ஒன்று ரசிகர்களைக் குத்திக்காட்டிச் சொன்னது. அதை 'நியூஸ்வீக்' உண்மைச் செய்தியாக எடுத்துக்கொள்ள, இளைஞர் குற்றங்களே நின்றுபோன இரவு என்ற கதை இன்றளவும் நூல்களில் ஊர்கிறது.

1966 பீட்டில்ஸைப் பத்திரிகைகள் சுட்ட ஆண்டு. மார்ச் 4 அன்று கிளீவ் எழுதிய கட்டுரையில், தாங்கள் இயேசுவைவிடப் பிரபலம் என்று லெனன் சொன்ன வரி இங்கிலாந்தில் சலசலப்பை எழுப்பவில்லை. அதே வரியை ஜூலையில் 'டேட்புக்' என்ற அமெரிக்க இளைஞர் இதழ் வெளியிட்டதும் அலபாமாவில் இசைத்தட்டுகளை எரிக்கும் பேச்சு எழுந்தது. ஆகஸ்ட் 11 அன்று சிகாகோவில் லெனன் விளக்கம் தந்தார். சொன்ன சூழலிலிருந்து ஒரு வரியை வெட்டி எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். அதே ஜூலையில் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில், அதிபர் மனைவி இமெல்டா மார்க்கோஸின் விருந்துக்குப் பீட்டில்ஸ் வருவார்கள் என்று உள்ளூர் ஞாயிறு இதழ் அறிவித்தது. அவர்கள் போகவில்லை. மறுநாள் நாளிதழ்கள் அதை நாட்டுக்கு நேர்ந்த அவமதிப்பாக எழுத, விமான நிலையத்தில் அடியும் தள்ளுமுள்ளும் வாங்கிக்கொண்டு டெல்லி போய்ச் சேர்ந்தார்கள். ஆகஸ்ட் 29க்குப் பிறகு அவர்கள் கட்டணக் கச்சேரி செய்யவே இல்லை.

செய்தித்தாள்கள் பாட்டுக்குள்ளும் நுழைந்தன. 1967 ஜனவரி 17 'டெய்லி மெயில்' இதழில், பிளாக்பர்ன் நகரச் சாலைகளில் 4,000 குழிகள் இருப்பதாக வந்த துணுக்கு 'எ டே இன் த லைஃப்' பாடலில் இடம்பெற்றது.

பிரிவு

1969 செப்டம்பர் 17 அன்று அமெரிக்காவின் டிரேக் பல்கலைக்கழக மாணவர் இதழ் மெக்கார்ட்னி இறந்துவிட்டாரா என்று கேட்டது. அக்டோபர் 14 'மிச்சிகன் டெய்லி' கற்பனைச் சான்றுகளைச் சேர்த்து அதை ஊதியது. 'லைஃப்' இதழ் ஸ்காட்லாந்துப் பண்ணைக்கே போய் அவரைப் படம்பிடித்து நவம்பர் 7 இதழில் வெளியிட்டது. அந்தப் பேட்டியிலேயே, பீட்டில்ஸ் விவகாரம் முடிந்துவிட்டது என்று அவர் சொல்லியிருந்தார். உயிரோடு இருக்கிறாரா என்று மட்டுமே பார்த்த உலகம் அந்த வரியைத் தவறவிட்டது. ஐந்து மாதம் கழித்து, 1970 ஏப்ரல் 10 அன்று மிரரின் முதல் பக்கம் பால் விலகினார் என்று அறிவித்தபோதுதான் எல்லோருக்கும் அது செய்தியானது. குழுவை உடைத்தவர் மெக்கார்ட்னி என்ற பழி அந்தத் தலைப்பிலிருந்து பிறந்தது; 1969 செப்டம்பரிலேயே மற்றவர்களிடம் விலகுவதாகச் சொன்னவர் லெனன்.

ஆவணங்களின் இருப்பிடம்

பிரிட்டிஷ் நூலகத்தின் செய்தித்தாள் தொகுப்பு லண்டனின் கோலிண்டேலில் இருந்தது. 2013இல் அது மூடப்பட்டு அச்சுப்படிகள் யார்க்ஷயரின் பாஸ்டன் ஸ்பாவுக்குப் போயின. 'மெர்சி பீட்' 1965இல் வேறோர் இசை இதழுடன் இணைந்து மறைந்தது. மெக்கார்ட்னியும் ஸ்டாரும் மேடையேறி வருகிறார்கள். 2023 நவம்பரில் குழுவின் கடைசிப் பாடலாக 'நௌ அண்ட் தென்' வெளிவந்தது.