கார்னெல் வூல்ரிச்

கார்னெல் வூல்ரிச் (1903–1968) அமெரிக்கத் திகில் கதையாசிரியர். துப்பறிபவரின் சாமர்த்தியத்தை மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், வகையாக மாட்டிக்கொண்டவனின் பதற்றத்தை எழுதியவர்.

நியூயார்க்கில் பிறந்தார். பெற்றோர் பிரிந்ததால் சிறுவயதில் சில காலம் தந்தையோடு மெக்சிகோவில் இருந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே 1926இல் 'கவர் சார்ஜ்' என்ற முதல் நாவல் வெளிவர, பட்டம் வாங்காமலே வெளியேறினார். அப்போது எழுதியவை ஜாஸ் காலத்து இளைஞர்களின் காதல் கதைகள். அடுத்த நாவலுக்கு 10,000 டாலர் பரிசு கிடைத்தது, ஹாலிவுட் கூப்பிட்டது. 1930இல் அங்கே செய்துகொண்ட திருமணம் நிலைக்கவில்லை. நியூயார்க் திரும்பியவர், 1957இல் தாய் இறக்கும்வரை அவரோடு ஹோட்டல் வாசம்.

பொருளாதார மந்தநிலைக் காலத்தில் காதல் கதைகள் விலைபோகவில்லை. 1934 முதல் மலிவு விலைத் துப்பறியும் பத்திரிகைகளுக்கு எழுதலானார். அவற்றில் முதல் கதையிலேயே பல் மருத்துவரின் நாற்காலியில் ஒருவர் பிணமாகிறார். 1940இல் வந்த 'தி பிரைட் வோர் பிளாக்' நாவலோடு புகழ் தொடங்கியது. எழுதிக் குவித்ததால் ஒரு பெயர் போதவில்லை; வில்லியம் ஐரிஷ், ஜார்ஜ் ஹாப்லி என்ற பெயர்களிலும் எழுதினார்.

'ஃபேன்டம் லேடி' (1942) அவருடைய பாணிக்கு நல்ல சான்று. மனைவியோடு சண்டை போட்டு வெளியேறியவன், விசித்திரமான தொப்பி அணிந்த முன்பின் தெரியாத பெண்ணோடு மாலையைக் கழிக்கிறான். வீடு திரும்பினால் மனைவி கொலையுண்டு கிடக்கிறாள். அந்தப் பெண்தான் ஒரே சாட்சி. ஆனால் அவளைப் பார்த்ததாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மரண தண்டனைக்கு இன்னும் எத்தனை நாள் என்பதே அத்தியாயத் தலைப்புகளாக வருகிறது. இவருடைய கதைகளில் தர்க்க ஓட்டைகள் ஏராளம். நாள் நெருங்கும் பரபரப்பில் வாசகர் அதைக் கவனிப்பதில்லை.

திரையுலகம் அவரை விடவில்லை. 1942இல் வந்த ஒரு சிறுகதை, ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' (1954) ஆனது. படத்தில் தொடக்கத்திலேயே நாயகனின் காலில் உள்ள மாவுக்கட்டு தெரிந்துவிடும். கதையில் அவர் ஏன் ஜன்னலை விட்டு நகரவில்லை என்பது கடைசியில்தான் தெரியும். படத்தில் கிரேஸ் கெல்லி நடித்த காதலியும் கதையில் கிடையாது. பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ இவருடைய இரண்டு நாவல்களைப் படமாக்கினார். 'ஐ மேரீட் எ டெட் மேன்' நாவலின் கரு, ராஜேஷ் கன்னா – ஆஷா பரேக் நடித்த 'கட்டி பதங்' இந்திப் படத்தில் இருக்கிறது.

தாயின் மறைவுக்குப் பின் குடியும் தனிமையுமாக வாழ்ந்தார். காலில் ஏற்பட்ட புண்ணைக் கவனிக்காமல் விட்டதால் காலை எடுக்க வேண்டியதாயிற்று. பட்டம் வாங்காமல் வெளியேறிய அதே கொலம்பியாவுக்கு, தாயின் நினைவாக உதவித்தொகை வழங்கச் சுமார் 8,50,000 டாலர் எழுதிவைத்தார்.

அவர் இறந்த பிறகும் ஒரு வழக்கு நடந்தது. 1945இல் ஆறு கதைகளின் திரைப்பட உரிமையை 9,250 டாலருக்கு விற்றிருந்தார். 'ரியர் விண்டோ' கதையும் அதில் ஒன்று. பதிப்புரிமையைப் புதுப்பிக்கும் காலம் வருமுன் இறந்துவிட்டதால், புதுப்பித்த உரிமை வேறொருவர் கைக்குப் போனது. அந்தப் புதிய உரிமையாளரின் அனுமதியின்றிப் படத்தைத் தொடர்ந்து வெளியிடுவது உரிமை மீறல் என்று 1990இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.