சவரக்கத்திக் கைப்பிடியில் ஒரு கைரேகை

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய சவரக்கத்தி இருக்கிறது. மடக்குக் கத்தி. அந்தக் கால சலூன்களில் தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்துத் தீட்டிவிட்டு மழிப்பார்களே, அந்த வகை. அலகின் அடியில் ஜெர்மனியின் ஸோலிங்கன் ஊர் முத்திரை. கறுப்புக் கைப்பிடியில், முத்துச்சிப்பியில் வெட்டிய ஆறு இதழ்ப் பூ ஒன்று பதித்திருக்கிறது. பூவுக்குப் பக்கத்திலேயே என் வலது கட்டைவிரல் ரேகையும் பதிந்திருக்கிறது. அழுக்கு இல்லை, துடைத்தால் போகாது. அது அங்கே எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நாலு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு பழைய பொருள் கடையில் வாங்கினேன். "எருமைக்கொம்பு சார், ஒரிஜினல்" என்றார் கடைக்காரர். கையில் வைத்துத் தேய்த்தபோது லேசாகக் கற்பூர வாசம் வந்தது. காலையில் கடையில் சாமிக்கு ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பூவைச் சுற்றி வெள்ளையாக, பூஞ்சை பிடித்த மாதிரி ஒரு வளையம் இருந்தது. எனக்கு முன்னால் யாரோ சூப்பர் க்ளூ விட்டு ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பசை இறுகும்போது கிளம்பும் ஆவி பக்கத்தில் படிந்து இப்படித்தான் வெளுக்கும். சூப்பர் க்ளூவை எது கரைக்கும்? அசிட்டோன். நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம். பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் கைப்பிடி ஜவ்வு மாதிரி இளகிவிட்டது. பதறிப்போய் விரலை எடுத்தேன். ரேகை அங்கேயே நின்றுவிட்டது.

அது கொம்பே இல்லை, செல்லுலாய்ட். கற்பூரம் கலந்து செய்த பொருள். அசிட்டோன் பட்டால் கரைந்துவிடும். மூக்கு முதல் நாளே சொல்லிவிட்டது, நான்தான் கேட்கவில்லை.

பூ கையோடு கழன்று வந்தது. அதன் அடியில்தான் ஆச்சரியம். பழைய பசையின் தடயமே இல்லை. சிப்பித்துண்டின் அடிப்பக்கத்தில் இருந்த ரம்பக் கீறல்கள் எல்லாம் பள்ளத்தின் தரையில் அச்சாகப் பதிந்திருந்தன. அதாவது பொருள் இளகியிருந்த நேரத்தில் பூவை வைத்து அழுத்தியிருக்கிறார்கள். அப்படியென்றால் அந்தக் காலத்தில் பசையே போடவில்லையா? இந்தக் கேள்விதான் என்னைப் படிக்க உட்கார வைத்தது.

பசையை நம்பாத தொழில்

சவரக்கத்தியின் வரலாற்றை இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து தொடங்கலாம். 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், கடிகாரச் சுருள்வில்லுக்கு நல்ல எஃகு வேண்டும் என்று மூசையில் உருக்கி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்த எஃகுதான் ஷெஃபீல்டு கத்திகளை உலகம் முழுக்க அனுப்பியது. ஜெர்மனியில் ஸோலிங்கன், பிரான்ஸில் தியேர் என்று போட்டி ஊர்களும் உண்டு.

அலகு எஃகு. கைப்பிடி? மாட்டுக்கொம்பு, எருமைக்கொம்பு, எலும்பு, தந்தம், ஆமையோடு, முத்துச்சிப்பி. ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் மலைமலையாகத் தந்தம் வாங்கிக் குவித்ததற்குப் பேர் போனது. எருமைக்கொம்பில் கணிசமானது இந்தியாவிலிருந்து கப்பலில் போனதுதான்.

கைப்பிடியின் கட்டுமானத்தைக் கவனித்தால் ஒன்று புரியும். இரண்டு மெல்லிய தகடுகள். ஒரு முனையில் அலகு சுழலும் ஆணி. மறுமுனையில் இரண்டு தகடுக்கும் நடுவே ஒரு சின்ன ஆப்பு, பெரும்பாலும் ஈயம். அதைப் பிடிக்க இன்னொரு ஆணி. சிலவற்றில் நடுவிலும் ஒன்று. ஆணி முனையில் குட்டி வாஷர் வைத்துச் சுத்தியலால் தட்டி விரித்துவிடுவார்கள், அவ்வளவுதான். பிரிக்க வேண்டுமென்றால் ஆணியை அராவி எடுத்தால் போதும்.

ஏன் பசை இல்லை? அந்தக் காலத்துப் பசை என்றால் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்தது. நம்மூர் ஆசாரிகள் வச்சிரம் என்று சொல்வார்களே, அதுவேதான். மேசை நாற்காலிக்கு அருமையான பசை. ஆனால் வெந்நீரும் ஈரமும் பட்டால் இளகிவிடும். சவரக்கத்தியோ தினமும் காலையில் வெந்நீரிலும் சோப்பு நுரையிலும் குளிக்கிற சாமான். அதில் வச்சிரத்தை நம்பினால் ஒரு மாதம்கூட நிற்காது.

ஆமையோட்டின் பிடி

அதனால் அலங்காரம் பதிக்கிறவர்கள் வேறு வழி தேடினார்கள். ஆமையோடும் கொம்பும் சூடு பட்டால் இளகும், ஆறினால் இறுகும். இளகியிருக்கும்போது வெள்ளிப் புள்ளிகளையும் தங்க நட்சத்திரங்களையும் அழுத்திவிட்டால், ஆறும்போது சுருங்கி உலோகத்தைக் கவ்விக்கொள்ளும். பசையே வேண்டாம். இந்த வேலைக்குப் பிரெஞ்சில் 'பிக்கே' என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸில் வளர்ந்தது. 1685இல் பிரான்ஸ் அரசர் பதினான்காம் லூயி, புராட்டஸ்டண்ட்களுக்கு இருந்த சலுகையை ரத்து செய்ததும், ஊரை விட்டு ஓடிய ஹ்யூகநாட் கைவினைஞர்கள் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். பொடி டப்பா, ஊசிப்பெட்டி, கத்திக் கைப்பிடி என்று பல சாமான்களில் இந்த வேலையைப் பார்க்கலாம்.

பசை போட்டே ஆக வேண்டிய இடங்களும் இருந்தன. பித்தளையையும் ஆமையோட்டையும் சேர்த்து மேசை அலமாரிகளில் இழைத்த பிரெஞ்சு ஆசாரிகள், மீன்பசையை விரும்பினார்கள். ஒட்டுவதற்கு முன் பித்தளையின் அடிப்பக்கத்தைப் பூண்டால் தேய்ப்பது அவர்களுடைய வழக்கம். எண்ணெய்ப்பிசுக்கு போய்ப் பசை நன்றாகப் பிடிப்பதற்கு. இன்றைக்கு நாம் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி ஸ்பிரிட்டால் துடைக்கிறோம். அவர்களிடம் பூண்டு இருந்தது.

யானைக்குப் பதில் கற்பூரம்

1860களில் அமெரிக்காவில் ஒரு பில்லியர்ட்ஸ் நிறுவனம், தந்தத்துக்கு மாற்று கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று அறிவித்தது. அதில் ஆர்வமான ஜான் வெஸ்லி ஹயட், நைட்ரேட் ஏற்றிய பஞ்சுக்கூழையும் கற்பூரத்தையும் சேர்த்து அழுத்தி 1870இல் காப்புரிமை வாங்கினார். அதுதான் செல்லுலாய்ட். சினிமா பிலிமுக்கு முன்பே சீப்பு, பொத்தான், கத்திக் கைப்பிடி என்று அது புகுந்துவிட்டது.

கத்திக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். சூட்டில் இளகும், அச்சில் அழுத்தினால் மயில், கொடி, பெண் உருவம் எல்லாம் புடைப்பாக வரும். சிப்பியையும் ஜெர்மன் சில்வரையும் பதிக்கலாம். தந்தம் மாதிரி, ஆமையோடு மாதிரி, கொம்பு மாதிரி வேஷம் போடும். வேஷத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. யானைத் தந்தத்தின் வெட்டுமுகத்தில் ரேகைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி வலைபோல் ஓடும். போலியில் இணைகோடுகள் மட்டும்தான் இருக்கும்.

ஆனால் செல்லுலாய்டுக்கு ஒரு நோய் உண்டு. வயதாக ஆக உள்ளுக்குள்ளேயே சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுவை விடும். அது ஈரத்தோடு சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். அலகில் கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும் பகுதி மட்டும் துருப்பிடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். வெப்பமும் ஈரமும் சிதைவை வேகப்படுத்தும். காற்றுப் புகாத பெட்டியில் பூட்டி வைப்பது இன்னும் மோசம். மேலே கெட்டியாக வார்னிஷ் அடித்தால் நோய் மறையும், தீராது.

1904இல் ஜில்லெட் காப்புரிமை வாங்கினார். முந்தைய வருஷம் வெறும் 51 ரேசர்கள் விற்ற நிறுவனம், அந்த வருஷம் 90,000க்கு மேல் விற்றது. முதல் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்ததோடு மடக்குக் கத்தியின் காலம் ஏறக்குறைய முடிந்தது. பிறகு அது பரணுக்குப் போனது. பல வருஷம் கழித்துப் பரணிலிருந்து இறக்கியவர்கள் கையில் இருந்தது புதுப் பசை.

பல்செட்டும் துப்பாக்கியும்

எபாக்சியின் கதை வேடிக்கையானது. சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்தான் என்ற வேதியியலாளர் 1930களில் அதில் வேலை செய்தது பல்செட் செய்வதற்காக. அங்கே சரிப்படவில்லை. 1946இல் சீபா நிறுவனம் அதை அரால்டைட் என்ற பெயரில் பசையாக விற்றது. சூப்பர் க்ளூவோ, 1942இல் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் துப்பாக்கிக் குறிக்கண்ணாடிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கிடைத்தது. எதைத் தொட்டாலும் ஒட்டுகிறது என்று தூக்கிப் போட்டார்கள். 1951இல் மறுபடி கையில் எடுத்து, 1958இல் கடைக்கு வந்தது. சவரக்கத்தியின் பொற்காலத்தில் இந்த இரண்டுமே கிடையாது. பழைய கத்தியில் இவை தெரிந்தால், பின்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இப்போது நான் செய்வது

கைரேகைக்குப் பிறகு நாலைந்து கத்திகள் செய்தாகிவிட்டது. கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, பொருள் எது என்று பார்ப்பது. கைப்பிடியை வெந்நீரில் காட்டி மோந்து பார்க்கிறேன். கற்பூரம் வந்தால் அசிட்டோன், ஸ்பிரிட் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது, சோப்புத் தண்ணீர் மட்டும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். செல்லுலாய்ட் பற்றிக்கொண்டு எரியும்.

கொம்பு என்றால் வேறு கவலை. கொம்பு நம் நகத்தின் ஜாதி, ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். அதில் பதித்த வெள்ளி அப்படி அசையாது. சூப்பர் க்ளூ கண்ணாடி மாதிரி இறுகுவதால் அந்த இழுபறியில் விட்டுப்போகும். மெதுவாக இறுகும் எபாக்சி கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அஞ்சு நிமிஷ எபாக்சி ஈரத்துக்கு அவ்வளவாகத் தாங்காது, ராத்திரி முழுக்க இறுகுவதே நல்லது. கிடுக்கியை முறுக்கி முறுக்கி இறுக்கினால் பசை எல்லாம் வெளியே பிதுங்கி, ஒட்ட ஒன்றும் மிஞ்சாது. காய்ந்த கொம்புக்கு மாட்டுக்கால் எண்ணெய் ஊற வைப்பது நல்லதுதான், ஆனால் பதித்து முடித்த பிறகு. எண்ணெய் குடித்த கொம்பில் எந்தப் பசையும் பிடிக்காது.

சிப்பி மெல்லியதாக இருந்தால் ஒளி ஊடுருவும், அடியில் இருக்கும் பசையின் நிறம் மேலே தெரியும். நான் எபாக்சியில் துளி வெள்ளை நிறமி கலக்கிறேன். சிப்பி சுண்ணாம்புச் சத்து, வினிகர், எலுமிச்சை பட்டால் அரிக்கும். தேய்ப்பதைத் தண்ணீரில் நனைத்து, முகமூடி போட்டுத் தேய்க்க வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை.

பூச்சு விஷயத்தில் என் எண்ணம் மாறிவிட்டது. ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் மேலே ஏதாவது பூசிப் பளபளக்க வைக்கணும்னு நினைச்சேன். கொம்பு, தந்தம், ஆமையோடு, செல்லுலாய்ட் எதற்கும் அது தேவையில்லை. நன்றாகத் தேய்த்து மெருகேற்றினாலே மின்னும். பழைய ஆட்களும் அதைத்தான் செய்தார்கள். பூச்சு தேவைப்படுவது பிற்காலத்தில் போட்ட மரக் கைப்பிடிகளுக்குத்தான். அங்கே சிலர் சூப்பர் க்ளூவையே பல அடுக்காகப் பூசி, 2000 நம்பர் தாள்வரை தேய்க்கிறார்கள். தண்ணீருக்கு அசையாது. ஐரோப்பியர் மரச்சாமானுக்குப் பூசிய ஷெல்லாக் அழகு அதிகம், சாராயத்தில் கரைத்து எடுத்துவிடலாம், ஆனால் தண்ணீர் நின்றால் வெளுக்கும். அந்த ஷெல்லாக் வேறொன்றுமில்லை, நம் அரக்குதான்.

திரும்பிப் போகும் வழி

மென்பொருளில் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. செய்த மாற்றம் தப்பென்றால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். பொருட்களைப் பாதுகாப்பவர்களும் அதே வசதிக்குத்தான் பாடுபடுகிறார்கள். அருங்காட்சியகங்களில் பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பசையைப் பயன்படுத்துவதற்குக் காரணம், வேண்டும்போது கரைத்து எடுக்கலாம் என்பதே. அதையே போடலாமே என்று நானும் நினைத்தேன். இரண்டு சிக்கல். அது சுமார் 40 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், வெந்நீருக்கு வேண்டாம், சென்னை மே மாதமே போதும். அதைக் கரைப்பது அசிட்டோன். என் கத்தியின் கதைதான் உங்களுக்குத் தெரியுமே!

ஆக, தினமும் மழிக்கிற கத்திக்கு எபாக்சியைத் தவிர்ப்பது கஷ்டம். ஆனால் தகடுகளை நான் ஒட்டுவதில்லை, ஆணிதான். பூ ஒன்றுக்கு மட்டும் பசை. காணாமல் போன துண்டுக்காகத் தந்தமோ ஆமையோடோ தேடுவதில்லை, சட்டப்படியும் கூடாது, மனசுக்கும் ஒப்பாது.

இன்னொரு பழக்கமும் வந்துவிட்டது. ஒவ்வொரு கத்தியோடும் ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறேன். கைப்பிடி எந்தப் பொருள், என்ன பசை, எந்தத் தேதி, எதைத் தொடக்கூடாது. எனக்கு முன்னால் அந்தப் பூவை ஒட்டியவர் இரண்டு வரி எழுதி வைத்திருந்தால் என் விரல் அங்கே பதிந்திருக்காது.

ரேகையைத் தேய்த்து எடுத்துவிடலாம். எடுக்கவில்லை. சீட்டில் அதையும் எழுதியிருக்கிறேன்: "கட்டைவிரல் ரேகை என்னுடையது. அசிட்டோன் போட்டேன். போடாதீர்கள்."

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் கத்தி ஏதாவது இருந்தால், பசையை எடுப்பதற்கு முன் ஒரு தடவை மோந்து பாருங்கள்.